அடுக்கிய சீட்டுக்கட்டு: "கொடுங்கள், நான் கலைக்கிறேன்" என்று ஒருவர் கையை நீட்டினால்?

கேள்வி: மூன்றுகூட்டி

வணக்கம்.

சீட்டு வித்தைகளில் முன்கூட்டியே அடுக்கிய கட்டை வைத்துச் செய்பவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை. சீட்டை உள்ளங்கையில் மறைப்பது, அடியிலிருந்து உருவுவது போன்ற கைவேலைகளிலும் ஓரளவு பழக்கம் உண்டு. ஆனால் முகம் திருப்பி நின்றபடி, ஒருவர் கையில் இருக்கும் சீட்டின் பெயரைச் சொல்வதில் கிடைக்கும் நிறைவு அவற்றில் எனக்குக் கிடைப்பதில்லை.

நான் பயன்படுத்துவது சை ஸ்டெபின்ஸ் வரிசை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு சீட்டும் அதற்கு முந்தையதைவிட மூன்று அதிகம். சின்னங்கள் கிளாவர், ஹார்ட்டின், ஸ்பேட், டைமண்ட் என்று சுற்றி வரும். ஏஸ் 1, ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13. கூட்டியது 13-ஐத் தாண்டினால் 13-ஐக் கழித்துவிட வேண்டும். அதாவது கிளாவர் ஏஸ், ஹார்ட்டின் 4, ஸ்பேட் 7, டைமண்ட் 10, கிளாவர் ராஜா, ஹார்ட்டின் 3, ஸ்பேட் 6 என்று 52 சீட்டும் போகும். கடைசிச் சீட்டுக்கு அடுத்தது மறுபடி முதல் சீட்டு. மணிமாலையை எங்கே பிடித்துத் தூக்கினாலும் மணிகளின் வரிசை மாறாதது போல, எத்தனை முறை வெட்டினாலும் இந்த வரிசை மாறாது.

என் நிகழ்ச்சி எளிமையானது. ஒருவர் விரும்பிய இடத்தில் கட்டைப் பிரித்து ஒரு சீட்டை எடுக்கிறார். அதற்கு மேலே இருந்த பகுதியை நான் வாங்கி அடியில் வைக்கும்போது கீழ்ச்சீட்டு என் கண்ணில் படுகிறது. ஸ்பேட் 6 தெரிந்தால் அவர் கையில் இருப்பது டைமண்ட் 9. பிறகு மூன்று பேர் அடுத்தடுத்து ஆளுக்கொரு சீட்டு எடுக்க, மூன்றையும் சொல்கிறேன். கடைசியில் ஒருவர் சட்டைப் பையில் ஒரு கொத்துச் சீட்டைப் போட்டுக்கொள்ள, அதில் என்னென்ன இருக்கின்றன என்று வரிசையாகச் சொல்லி முடிக்கிறேன்.

இரண்டு சிக்கல்கள். முதலாவது, பார்ப்பவர்களில் சீட்டாட்டம் நன்றாகத் தெரிந்த ஒருவர் எப்போதும் "கொடுங்கள், நான் கலைக்கிறேன்" என்று கையை நீட்டுகிறார். வெட்டச் சொன்னால் வெட்டுகிறார், ஆனால் முகம் தெளிவதில்லை. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் "சீட்டு அடுக்கி வைத்தது" என்ற ஒரே பதிலில் அவருக்கு எல்லாம் அடங்கிவிடுகிறது. இரண்டாவது, சீட்டுகளை முகம் தெரிய விரித்துக் காட்டியபோது ஒரு சிறுமி, "சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்றே வருகிறதே" என்று சொல்லிவிட்டாள்.

எனவே மனப்பாடக் கட்டுக்கு, அதாவது வெளியே தெரியும் ஒழுங்கு இல்லாத ஒரு வரிசையில் 52 சீட்டின் இடங்களையும் மனப்பாடம் செய்து வைக்கும் முறைக்கு, மாறலாமா என்று யோசிக்கிறேன். வித்தைக்காரர்களான ஹுவான் தமாரிஸின் நெமோனிகா என்ற வரிசை, சைமன் அரோன்சனின் அடுக்கு ஆகிய இரண்டு பெயர்களே எங்கும் அடிபடுகின்றன. எதை எடுக்கலாம்? மாறினால் இந்தச் சிக்கல்கள் தீருமா? செய்து பார்த்தவர்கள் விவரமாக எழுதினால் நன்றியோடு இருப்பேன்.

பதில்: மேசைவிரிப்பு

உங்களுக்கு முதலில் தேவை பொய்க் கலைப்பு. கலைப்பது போலவே தெரியும், ஒரு சீட்டும் இடம் மாறாது. ஹெர்ப் ஸாரோவின் பெயரில் வழங்கும் மேசைக் கலைப்பு அருமையானது, ஆனால் கை படிய நாளாகும். அதுவரை கட்டைச் சிறு சிறு கொத்துகளாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு மேலும் கீழுமாக மாற்றும் ஷார்லியே கலைப்பு போதும். அது வரிசையைச் சுற்றிவிடும், உடைக்காது. பார்ப்பதற்குச் சற்றுப் பழக்கமில்லாத கையின் கலைப்பு போலவே இருக்கும், அதுவே அதன் பலம்.

எதைச் செய்தாலும் கையைப் பார்க்காதீர்கள், பேசிக்கொண்டே செய்யுங்கள். "இப்போது கலைக்கிறேன்" என்று அறிவித்துவிட்டுக் கலைத்தால் எல்லாக் கண்களும் கைமேல் விழும்.

பதில்: பழையகட்டு

மூன்றுகூட்டி, நீங்கள் இரண்டு வெவ்வேறு சிக்கல்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். ஒழுங்கு கண்ணுக்குத் தெரிவது ஒன்று. பார்ப்பவர் கலைக்கக் கேட்பது இன்னொன்று. மனப்பாடக் கட்டு முதலாவதை முழுமையாகத் தீர்க்கும், இரண்டாவதைத் தொடக்கூடத் தொடாது. தமாரிஸின் வரிசையாக இருந்தாலும் சரி, அரோன்சனின் வரிசையாக இருந்தாலும் சரி, அந்தச் சீட்டாட்டக்காரர் கையில் வாங்கி இரண்டு நிமிடம் கலைத்தால் நீங்கள் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தது அந்த இடத்திலேயே கரைந்துவிடும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடத்தில் இறங்கியவர்கள் நிறையப் பேர். மனப்பாடம் முடிந்த பிறகும் அதே கை அவர்கள் முன்னால் நீண்டது.

சிறுமி கண்டுபிடித்த சிக்கலைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். "பாருங்கள், எல்லாம் கலந்திருக்கின்றன" என்று சொல்லி விரித்தால் பார்ப்பவர் சோதிக்கத் தொடங்குவார். கட்டின் நடுவில் ஒரு ஜோக்கரை வைத்திருங்கள். "ஜோக்கர் வேண்டாம்" என்று சொல்லியபடி முகம் தெரிய விரித்து, அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு மூடிவிடுங்கள். எல்லோரும் கலந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டார்கள், ஆனால் யாரும் ஆராயவில்லை. இதற்கு மேல் அந்தச் சிக்கலுக்கு நேரம் செலவிட வேண்டாம்.

இனி முக்கியமானது. சை ஸ்டெபின்ஸ் வரிசையில் நீங்கள் பயன்படுத்தியிருப்பது மேற்பரப்பை மட்டும்தான். 1593-இல் அச்சான ஹொரேஷியோ கலாஸோ என்ற இத்தாலியரின் சீட்டு நூலிலேயே இந்த வகைக் கணக்கு அடுக்கு இருக்கிறது. நான்கு நூற்றாண்டுகள் ஒரு வரிசை பிழைத்திருப்பது, அடுத்த சீட்டு எது என்ற ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டு அல்ல.

முதலில், எந்தச் சீட்டு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை மனப்பாடம் இல்லாமலே சொல்ல முடியும். மனப்பாடக் கட்டுக்காரர்கள் பெருமையோடு செய்வது இதைத்தான். கவனியுங்கள். உங்கள் வரிசையில் ஒரே சின்னம் நான்கு சீட்டுக்கு ஒருமுறை வருகிறது. நான்கு தடவை மூன்று கூட்டினால் 12. பதின்மூன்றின் சுற்றில் 12 கூட்டுவதும் ஒன்று குறைப்பதும் ஒன்றே. ஆகவே ஒரே சின்னத்தின் சீட்டுகள் நான்கு நான்கு இடம் தள்ளி ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போகும்.

உங்கள் கட்டு கிளாவர் ஏஸில் தொடங்குகிறது என்று வைப்போம். அடியில் டைமண்ட் ஜாக்கி இருக்கும். ஒருவர் ஹார்ட்டின் ராஜாவைக் கேட்கிறார். டைமண்டுக்கு அடுத்தது கிளாவர், அதற்கடுத்தது ஹார்ட்டின். ஆக முதல் ஹார்ட்டின் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. ஜாக்கி 11, அதோடு இரண்டு மூன்றுகள் சேர்ந்தால் 17, பதின்மூன்றைக் கழித்தால் 4. அதாவது இரண்டாவது இடத்தில் ஹார்ட்டின் 4. நான்கிலிருந்து இறங்கிப் போனால் 3, 2, ஏஸ், ராஜா. நான்கு படி. நான்கு படிக்குப் பதினாறு இடம். இரண்டும் பதினாறும் பதினெட்டு. பதினெட்டாவது சீட்டைத் திருப்பினால் ஹார்ட்டின் ராஜா. வீட்டில் கட்டை அடுக்கி எண்ணிப் பாருங்கள். அடிச்சீட்டு எதுவாக இருந்தாலும் இதே நடைதான். கணக்கைப் பழகிவிட்டால், அவர் சீட்டின் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்கும் நீங்கள் ஒரு மூச்சு இழுப்பதற்கும் இடையில் விடை வந்துவிடும். அதை அவர் கையாலேயே எண்ண விடுங்கள். நீங்கள் கட்டைத் தொடவே கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. சரியாக 26 சீட்டு தள்ளி இருப்பது எப்போதும் அதே எண், அதே நிறம். கட்டைச் சரிபாதியாகப் பிரித்து இருவரிடம் கொடுத்து, ஒரே நேரத்தில் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பச் சொன்னால் 26 ஜோடிகளும் பொருந்தும். பார்க்க அழகுதான். ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. மூன்றாவது ஜோடியிலேயே கட்டு அடுக்கப்பட்டது என்பதைக் கட்டே சொல்லிவிடுகிறது.

இப்போது உங்கள் சீட்டாட்டக்காரரிடம் வருவோம். அவர் உங்களை மடக்குவதற்காகக் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். சீட்டாட்டத்தில் கலைக்காமல் சீட்டுப் போடுவது ஏமாற்று வேலை. அந்தப் பழக்கத்தில் ஊறிய கை தானாக நீள்கிறது. மறுக்க மறுக்க அவர் மனம் அங்கேயே நிற்கும். எனவே கலைக்கக் கொடுங்கள். பொய்க் கலைப்பைச் சொல்லவில்லை. அவர் கையில், அவருக்குத் தெரிந்தபடி, மெய்யாகவே கலைக்கட்டும். ஆனால் எப்போது கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

அமெரிக்கக் கணிதரும் வித்தைக்காரருமான நார்மன் கில்பிரத் 1958-இல் ஒரு தத்துவத்தை வெளியிட்டார். அது சிவப்பும் கறுப்பும் மாறி மாறி அடுக்கிய கட்டைப் பற்றியது. பிறகு 1966-இல் அவரே அதை விரித்து, திரும்பத் திரும்ப வரும் எந்தச் சுற்றுக்கும் பொருந்தும் என்று காட்டினார். சை ஸ்டெபின்ஸ் வரிசையில் நிறம் இரண்டுக்கு ஒரு சுற்று, சின்னம் நான்குக்கு ஒரு சுற்று, எண் பதின்மூன்றுக்கு ஒரு சுற்று. மூன்றும் ஒரே கட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

செய்முறை இது. கட்டை அவரிடம் கொடுங்கள். மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள், பாதி அளவு வந்ததும் அவர் விரும்பிய இடத்தில் நிறுத்தட்டும். இப்படிப் போட்ட பகுதியின் வரிசை தலைகீழாகிவிடும். அதுதான் உயிர்நாடி, அதை அவர் கவனிக்கவே மாட்டார். பிறகு இரண்டு பகுதிகளையும் ரிஃபிள் முறையில், அதாவது ஓரங்களைத் தூக்கிவிட்டு ஒன்றுக்குள் ஒன்று சரசரவென்று விழும்படி, ஒரே ஒரு முறை கலைக்கட்டும். ஒழுங்காகக் கலைத்தாலும் சரி, கொத்துக் கொத்தாக விழுந்தாலும் சரி. இப்போது மேலிருந்து நான்கு நான்காக எடுத்தால் ஒவ்வொரு நான்கிலும் நான்கு சின்னங்களும் இருக்கும். பதின்மூன்று பதின்மூன்றாக எடுத்தால் ஒவ்வொன்றிலும் ஏஸ் முதல் ராஜா வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை இருக்கும்.

இது ஏன் நடக்கிறது? மேலே சொன்ன கட்டில் அவர் 20 சீட்டுப் போட்டு நிறுத்தினார் என்று கொள்வோம். போட்ட பகுதியின் மேலே டைமண்ட் 6, ஸ்பேட் 3, ஹார்ட்டின் ராஜா, கிளாவர் 10 என்று இருக்கும். கையில் மிஞ்சிய பகுதியின் மேலே கிளாவர் 9, ஹார்ட்டின் ராணி, ஸ்பேட் 2, டைமண்ட் 5. கலைத்த பின் முதல் நான்கு சீட்டுகள் இந்த இரண்டு வரிசைகளின் தலைப்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். முதல் பகுதியிலிருந்து இரண்டு, மற்றதிலிருந்து இரண்டு என்றால் டைமண்ட், ஸ்பேட், கிளாவர், ஹார்ட்டின். ஒன்றும் மூன்றும் என்றால் டைமண்ட், கிளாவர், ஹார்ட்டின், ஸ்பேட். எப்படிப் பங்கிட்டாலும், பழைய வரிசையில் நிறுத்திய இடத்துக்கு இரு பக்கமும் ஒட்டிய நான்கு சீட்டுகள்தான் வருகின்றன. ஒட்டிய நான்கில் நான்கு சின்னமும் இருந்தே தீரும். பதின்மூன்றுக்கும் இதே விளக்கம்தான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். நிறமும் சின்னமும் எனக்கு வேண்டாம். சிவப்பு, கறுப்பு என்று ஜோடி ஜோடியாக வந்தால் அந்தச் சிறுமியைப் போன்றவர்கள் உடனே ஒழுங்கை மோப்பம் பிடித்துவிடுவார்கள். பதின்மூன்றைத்தான் எடுக்கிறேன். கலைத்தவரே மேலிருந்து பதின்மூன்று சீட்டை முகம் தெரியாமல் எண்ணித் தனியே வைக்கிறார். "இந்தக் கட்டின் வரிசை இப்போது எனக்குத் தெரியுமா?" என்று அவரிடமே கேட்கிறேன். "தெரியாது" என்கிறார். அது உண்மை. நமக்கே தெரியாத ஒரு வரிசையின் முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடிவது எத்தனை நிம்மதி என்பதைச் செய்து பார்த்தால்தான் உணர முடியும்.

பிறகு ஒவ்வொன்றாகத் திருப்புகிறார். சின்னங்கள் கலந்து வரும், எண்கள் ஏறியும் இறங்கியும் வரும், முதல் ஆறேழு சீட்டுகளில் யாருக்கும் எதுவும் புலப்படாது. எட்டு ஒன்பது தாண்டும்போதுதான் ஓரத்தில் யாராவது "ஒன்றுகூட இரண்டாவது முறை வரவில்லையே" என்று முணுமுணுப்பார். அப்போது நான் நிறுத்தி, மீதமுள்ள சீட்டுகளின் எண்களை விடுபட்டவற்றிலிருந்து சொல்லத் தொடங்குவேன். கடைசிச் சீட்டு வரும்போது அந்தச் சீட்டாட்டக்காரரே அதன் எண்ணைச் சொல்லிவிட்டுத் திருப்புவார். நன்றாகக் கலைத்த கட்டில் பதின்மூன்று சீட்டும் வெவ்வேறு எண்ணாக அமைய வாய்ப்பு ஏறத்தாழ 9,460-இல் ஒன்று. இந்தக் கணக்கை அவரிடம் சொல்ல வேண்டியதே இல்லை. சீட்டாடிய கைக்கு அது தெரியும்.

ஆகவே உங்கள் நிகழ்ச்சியை இப்படி அமையுங்கள். தொடக்கத்தில் வெட்டு மட்டும். பிறகு நீங்கள் இப்போது செய்யும் சீட்டுப் பெயர் சொல்லும் வித்தைகள். அடுத்து, கேட்ட சீட்டு இருக்கும் இடத்தைச் சொல்வது. எண்ணிக் கீழே வைத்த சீட்டுகளை வரிசை கெடாமல் திரும்பவும் மேலே வைக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம். எடுத்த சீட்டுகளும் அந்தந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். சட்டைப் பை வித்தையை விட்டுவிடுங்கள், அல்லது முன்னுக்குக் கொண்டுபோங்கள். கடைசியாகக் கலைக்கும் வித்தை. அவர் இடையில் கையை நீட்டினால், "கட்டாயம் நீங்கள்தான் கலைக்கப் போகிறீர்கள், கடைசி வித்தையே உங்களுடையது" என்று சொல்லுங்கள். அது வெறும் சமாதானம் இல்லை என்பதால் உங்கள் குரலிலேயே அது தெரியும்.

கலைத்த பிறகு வெட்ட மட்டும் விடாதீர்கள். வெட்டினால் நான்குகளும் பதின்மூன்றுகளும் தொடங்கும் இடம் நகர்ந்துவிடும்.

பதில்: ஐம்பத்திரண்டு

நான் தமாரிஸின் வரிசையை மனப்பாடமாக வைத்துச் செய்கிறவள். பழையகட்டு ஐயா சொன்ன முக்கியமான கருத்தை ஒப்புக்கொள்கிறேன்: கலைக்கக் கேட்கும் சிக்கலுக்காக யாரும் மனப்பாடக் கட்டுக்கு வரக் கூடாது. ஆனால் ஓரிடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை.

இடத்தைக் கணக்கிட்டுச் சொல்வது தாளில் எழுதும்போது எளிது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் நகைச்சுவையாக ஏதோ சொல்ல, அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே மனத்துக்குள் பதினேழிலிருந்து பதின்மூன்றைக் கழிப்பது வேறு. கணக்குப் போடும் முகத்தில் ஒரு வெறுமை வரும். கண் ஒரு கணம் எங்கோ போய்விடும். பார்ப்பவர்கள் அதைத்தான் பிடிக்கிறார்கள். மனப்பாடம் ஆகிவிட்டால் "ஸ்பேட் ஏஸ்" என்ற சொல் காதில் விழும்போதே "ஏழு" என்பது வந்து நிற்கும், நம் பெயரை யாராவது அழைத்தால் திரும்புவது போன்ற வேகத்தில். கண் அவர்கள் முகத்தை விட்டு அகலாது. எனக்கு மனப்பாடக் கட்டின் முழுப் பயனும் அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு: அரோன்சனின் அடுக்குக்குள் போக்கர் கைகள், சீட்டின் பெயரை எழுத்துக்கூட்டி, எழுத்துக்கு ஒரு சீட்டாக எண்ணிப் போட்டு அதே சீட்டைக் கண்டுபிடிப்பது போன்ற ஏற்பாடுகள் புதைந்திருக்கின்றன. போக்கர் வித்தை செய்பவர் என்றால் அது நல்ல தேர்வு. தமாரிஸின் வரிசைக்குப் புதிய கட்டின் வரிசையிலிருந்தே போய்ச் சேரலாம். ஒவ்வொரு சீட்டாகப் பிசகின்றிப் பின்னும் ஃபாரோ கலைப்பு கைவந்தவர்களுக்கு அது பெரிய வரம். இந்த இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் எந்த வரிசையும் ஒன்றுதான். கிடைத்ததை எடுத்து மனப்பாடம் செய்யுங்கள், தேர்வு செய்வதில் காலத்தைக் கழிக்காதீர்கள்.

மனப்பாடம் செய்யும் முறை பற்றி ஒரே ஒரு வற்புறுத்தல். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டு மாதிரி ஒப்பிக்காதீர்கள். அப்படிப் படித்தால் முப்பத்தேழாவது சீட்டு எது என்று கேட்கும்போது ஒன்றிலிருந்து ஓடி வர வேண்டியிருக்கும். பழைய கட்டொன்றை எடுத்து, ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் அதன் இட எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். கட்டை நன்றாகக் கலையுங்கள். முதுகைப் பார்த்துச் சீட்டைச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள். இரண்டு திசையும் தனித்தனியாகப் பழக வேண்டியவை. எண்ணிலிருந்து சீட்டு வந்துவிட்டால் சீட்டிலிருந்து எண்ணும் வந்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். தயங்கிய சீட்டுகளைத் தனியே ஒதுக்கி அவற்றோடு மட்டும் கூடுதல் நேரம் இருங்கள். படம் படமாக நினைவில் கோப்பவர்கள் கோக்கலாம். எனக்கு அந்தப் படங்கள் தொடக்கத்தில் உதவின, பிறகு தாமாக உதிர்ந்துவிட்டன.

பதில்: பழையகட்டு

ஐம்பத்திரண்டு அம்மா, முகத்தில் வரும் அந்த வெறுமை பற்றி நீங்கள் சொல்வது மெய். அதற்கு என் வழி வேறு. சீட்டின் பெயரைக் கேட்டவுடன், "ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று அவரைக் கேட்பேன். எல்லோரும் அவர் பக்கம் திரும்புவார்கள். அவர் பதில் சொல்லும்போது என் கணக்கு முடிந்திருக்கும், என் கண்ணும் அவர்மேல்தான் இருக்கும். அவர் சொல்லும் காரணத்தை வித்தையோடு சேர்த்துக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் சீட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பலர் கேட்கும் வித்தைக்கு இந்த வழி ஈடுகொடுக்காது, அங்கே உங்கள் மனப்பாடம்தான் வெல்லும்.

கேள்வி கேட்டவர்: மூன்றுகூட்டி

எல்லோருக்கும் நன்றி. கட்டை அடுக்கி ஹார்ட்டின் ராஜாவை எண்ணிப் பார்த்தேன், பதினெட்டில் இருந்தது. வேறு அடிச்சீட்டுகளோடும் போட்டுப் பார்த்தேன், விடை பிசகவில்லை. இந்த வரிசையோடு இத்தனை காலம் பழகியும் சின்னங்கள் நான்கு நான்காக இறங்கிப் போவதை நான் கண்டதே இல்லை. மனப்பாடத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன்.

கலைக்கும் வித்தையில் இரண்டு ஐயங்கள். என் முன் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ரிஃபிள் முறை தெரியாது. கட்டைக் கையில் பிடித்து, கொத்துக் கொத்தாக எடுத்து முன்னும் பின்னும் செருகுவார்கள். அப்படிக் கலைத்தால் கில்பிரத் தத்துவம் நிற்குமா? இன்னொன்று, ஒருமுறை கலைத்தவர் ஆர்வத்தில் மறுபடியும் கலைத்துவிட்டால் என்ன கதி?

பதில்: பழையகட்டு

கொத்தாகச் செருகும் கலைப்பில் நிற்காது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் சீட்டுகளின் வரிசை அப்படியே இருக்க, இரண்டு பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தால் மட்டுமே தத்துவம் செல்லும். ஆனால் ரிஃபிள் தெரியாதவருக்கு அதைவிட எளிதான வழி இருக்கிறது. இரண்டு பகுதிகளையும் மேசைமேல் அருகருகே வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின்மேலும் விரல் நுனிகளை வைத்துத் திருகச் சொல்லுங்கள். சீட்டுகளின் மூலைகள் வட்டமாக விரிந்து பூப்போல நிற்கும். இரண்டு வட்டங்களையும் இரு கைகளால் ஒன்றோடொன்று தள்ளினால் ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும். பிறகு நான்கு பக்கமும் தட்டிச் சீர்செய்தால் முடிந்தது. சீட்டே தொடாதவர்கூட இதைச் செய்துவிடுவார். பார்ப்பதற்கு ரிஃபிளைவிடத் தாறுமாறாகத் தெரியும், அமைப்பில் அது ஒரே ஒரு ரிஃபிள் கலைப்புதான். மேசைவிரிப்பு துணியாக இருந்தால் நன்றாகத் திருகும். வழவழப்பான மேசையில் அடிச்சீட்டு வழுக்கி ஓடும், அங்கே ஒரு கைக்குட்டையை விரித்துக்கொள்ளுங்கள்.

சீர்செய்யும்போது சீட்டு ஏதாவது வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் அவர் அதை உருவி வேறிடத்தில் செருகப் பார்ப்பார். "அப்படியே உள்ளே தட்டிவிடுங்கள்" என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு. டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணிதர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வின்படி 52 சீட்டு நன்றாகக் கலைய ஏறத்தாழ ஏழு ரிஃபிள் கலைப்புகள் வேண்டும். இரண்டு கலைப்புகளில் பழைய வரிசையின் தடங்கள் நிறையவே மிஞ்சும். ஆனால் அவற்றை மேடையில் நின்றபடி படித்தெடுக்க முடியாது, பதின்மூன்றின் உத்தரவாதம் போய்விடும். ஆகவே இரண்டாவது கலைப்புக்கு அவர் கைக்கு வேலை இல்லாமல் விடக் கூடாது. சீர்செய்து முடித்த அதே கணத்தில், "மேலிருந்து பதின்மூன்று, ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி என் பக்கம் வையுங்கள்" என்று சொல்லுங்கள். சத்தமாக எண்ணும் வாயும் சீட்டு வைக்கும் கையும் கலைப்பை மறந்துவிடும். பதின்மூன்றும் தனியே வந்த பிறகு மீதிக் கட்டை அவர் ஆசை தீரக் கலைக்கட்டும், நீங்களே கொடுங்கள். அந்தப் பதின்மூன்றைக்கூட அவர் தனியே கலைக்கலாம், எதுவும் கெடாது. இந்த இடத்தில் தாராளமாக இருக்க இருக்க வித்தை வலுப்பெறும்.

அதையும் மீறி அவர் முந்திக்கொண்டு இரண்டாம் முறை கலைத்துவிட்டால், பதின்மூன்றைப் பற்றி நீங்கள் இன்னும் எதுவும் அறிவித்திருக்க மாட்டீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். என்ன நடக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. கட்டை வாங்கும்போது அடிச்சீட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒரு சீட்டு எடுக்கச் சொல்லி, அதைக் கட்டின் மேலேயே வைத்து வெட்டச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த சீட்டு இப்போது அதன்மேல் நேராக உட்கார்ந்திருக்கும். முகம் தெரிய விரித்து அதற்கு ஒட்டிய சீட்டைக் கண்டெடுத்து முடியுங்கள். சீட்டாட்டக்காரருக்கும் அது போதும், இரண்டு முறை கலைத்தது அவர்தானே.

அடுத்த நிகழ்ச்சிக்கு முன் கட்டை மறுபடி அடுக்க வேண்டுமே என்று அலுக்காதீர்கள். முதலில் நான்கு சின்னங்களையும் நான்கு குவியலாகப் பிரியுங்கள். முகம் மேலே தெரிய வைத்து, ஒவ்வொன்றையும் மேலிருந்து இறங்கு வரிசையில் அமையுங்கள்: கிளாவர் ஏஸிலிருந்தும், ஹார்ட்டின் நான்கிலிருந்தும், ஸ்பேட் ஏழிலிருந்தும், டைமண்ட் பத்திலிருந்தும் தொடங்க வேண்டும். ஏஸுக்கு அடுத்தது ராஜா. பிறகு நான்கு குவியல்களிலிருந்தும் கிளாவர், ஹார்ட்டின், ஸ்பேட், டைமண்ட் என்று ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைக் கீழே கவிழ்த்து, முந்தைய சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டே வாருங்கள். குவியல்கள் தீரும்போது கட்டு தயார், அடியில் டைமண்ட் ஜாக்கி.